கடைசிப் படியும் படியே

வெற்றி பெறுவான் என்று ஊரார் எவரும் எதிர்பாராத ஒருவன், வெற்றி பெறுவோம் என்று தானும் நம்பாத ஒருவன், ஆட்டக்களத்தில் இறங்குவது அறிவுடைமையா, அறியாமையா? இவ்வினா விளையாட்டைப் பற்றியது போலத் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கின், இது கல்வியைப் பற்றியது; சமுதாயத்தைப் பற்றியது; எளியோர் தம்மைத் தாமே மதிக்கும் முறையைப் பற்றியது என்பது புலனாகும். முப்பது ஆண்டுகளாக ஆசிரியப் பணியில் இருந்து, இன்று ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியராக உள்ள நான், இவ்வினாவுக்கு ஒருமுறை தவறான விடை எழுதியவன். பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திப் பழகிய கை, தன் விடைத்தாளையும் ஒருநாள் திருத்தித்தான் ஆக வேண்டும். அதற்கே இக்கட்டுரை.

மலைமேல் ஒரு திடல்

பகாங் மாநிலத்தில் உள்ள கேமரன் மலை, 1885-இல் அம்மலைப் பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1929-இல் ஜே. ஏ. ரசல் என்பார் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு அழிந்து சரிவெங்கும் தேயிலைச் செடி எழுந்தது. அச்செடியை நட்டுக் கொழுந்து பறித்துத் தொழிற்சாலையில் வாட்டி உலர்த்திய கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள்.

இம்மலையில் சமதளம் என்பது அரும்பொருள். தானா ராத்தா என்னும் ஊர்ப்பெயருக்கு மலாய்மொழியில் சமநிலம் என்பதே பொருள். சமநிலம் கிடைத்தது என்பதே ஓர் ஊருக்குப் பெயராகச் சூட்டத்தக்க செய்தியாக இருந்திருக்கிறது! அத்தகைய மண்ணில், என் தந்தையார் காலத்துத் தோட்டத் தொழிலாளர்கள் சரிவை வெட்டி, மண்ணை அள்ளிக் கொட்டி, ஒரு காற்பந்துத் திடலை உருவாக்கினார்கள். அஃது அளவில் சிறியது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு. பந்து அப்பக்கம் போய்விட்டால் செடிகளுக்கிடையே உருண்டு ஓடையில்தான் போய் நிற்கும். ஆகையால் பந்து பொறுக்குவதற்கென்றே சிறுவர் இருவரைச் சரிவில் நிறுத்துவார்கள். அவ்விருவருள் ஒருவனாக இருந்ததே என் விளையாட்டு வாழ்க்கையின் தொடக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அண்டைத் தோட்டத்தார் லாரியில் வந்து இறங்குவர். பாதி ஆட்டத்தில் மூடுபனி இறங்கிக் கோல்கம்பம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். நடுவர் ஊதலை ஊதி ஆட்டத்தை நிறுத்துவார். பனி விலகும் வரை இரு குழுவினரும் ஒரே கேத்தலிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக் காத்திருப்பர். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஆடும் ஆற்றல் தமக்கு இல்லை என்பதை அவர்கள் அறிவார்கள். ஆனால், அந்தத் திடலில் தோற்ற இரவில் லயத்து வீடுகளில் பலருக்கு உறக்கம் வராது. வென்ற இரவிலும் வராது. அவர்கள் ஆடியது விளையாட்டா, வேறெதுவுமா என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

நான் செய்த பிழை

2009-ஆம் ஆண்டில் நான் ஒரு சிறு பள்ளியில் புறப்பாடப் பொறுப்பாசிரியராக இருந்தேன். மாணவர் தொகை அறுபதைத் தாண்டாது. நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு ஆண் பிள்ளைகள் அனைவரையும் சேர்த்தால்தான் ஒரு காற்பந்துக் குழு தேறும். அதற்கு முந்தைய ஆண்டு அக்குழுவைப் பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கு அழைத்துச் சென்றேன். எதிர்த்து ஆடியது ஆயிரம் மாணவர் பயிலும் பட்டணத்துப் பள்ளி. முடிவு பதினொன்றுக்குச் சுழியம். திரும்பி வரும் வேனில் பிள்ளைகள் சிறிது நேரம் அமைதியாக இருந்தார்கள். பிறகு, தமக்குக் கிடைத்த ஒரே மூலையுதையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கேமரன் மலை வளைவுகளைக் கடக்கும்போது பாடவும் தொடங்கிவிட்டார்கள். பாடாமல் இருந்தவன் நான் ஒருவனே. திடலோரத்தில் பிற பள்ளி ஆசிரியர் ஒருவர், "உங்களுக்கு ஏன் சார் இந்த வேண்டாத வேலை?" என்று சிரித்துக்கொண்டே கேட்ட சொல் என் செவியை விட்டு அகலவில்லை.

மறு ஆண்டு நான் குழுவைப் பதியவில்லை. பிள்ளைகளை அவமானத்திலிருந்து காப்பது ஆசிரியரின் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலைக் கூட்டத்தில் அச்செய்தியை அறிவித்தபோது யாரும் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் கலைந்ததும் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் பின்னால் வந்தான்.

"தோத்தாலும் பரவாயில்லைங்க ஐயா. போகலாமா?"

"படிப்பைப் பாருப்பா" என்று நான் சொன்னேன். அவன் தலையை அசைத்துவிட்டுச் சென்றான். அவன் கோல்காவலன், பதினொரு முறை வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தவன். அவமானம் என்று ஒன்று இருந்திருந்தால் அது முதன்முதலில் அவனுக்கு அன்றோ உரியது? அவன் போகலாம் என்கிறான். நான் வேண்டாம் என்கிறேன். எனின், நான் காத்தது யாருடைய மானத்தை? இவ்வினாவை நான் கேட்டுக்கொள்ளப் பத்து ஆண்டுகள் ஆயின.

அயர்லாந்திலிருந்து வந்த செய்தி

அந்த மாணவன் நன்றாகப் படித்தான். பின்னர் அயர்லாந்துக்குச் சென்று மருத்துவம் பயின்றான். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் விடுமுறைக்கு வந்தவன், என்னைப் பள்ளியில் வந்து கண்டான். பலவும் பேசிய பின், "ஐயா, அங்கே ஒரு விளையாட்டு இருக்கிறது, நம்மவர்கள் அதிகம் அறியாதது" என்று ஹர்லிங் என்னும் ஆட்டத்தைப் பற்றிக் கூறினான்.

ஹர்லிங் ஐரிஷ் மக்களின் தொன்மையான ஆட்டம். பக்கத்துக்குப் பதினைவர். கையில் வளைந்த மட்டை. சிறு தோற்பந்தை அம்மட்டையால் வானில் அடித்தும், மட்டை நுனியில் ஏந்தி ஓடியும் ஆடுவர். கம்பங்களுக்கிடையே குறுக்குக் கட்டைக்கு மேலே பந்து சென்றால் 1 புள்ளி. கீழே வலைக்குள் சென்றால் 3 புள்ளி. 1884-இல் நிறுவப்பெற்ற கேலிக் விளையாட்டுச் சங்கம் இதனை நடத்துகிறது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் இல்லை. ஆசிரியரும் உழவரும் தச்சரும் பகலில் தத்தம் வேலையைச் செய்து, மாலையில் தத்தம் கவுண்டிக்காகப் பயிற்சி செய்கின்றனர். கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற பிரிவு.

கில்கெனி, டிப்பரரி, கார்க் போன்ற சில கவுண்டிகள் இவ்வாட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வல்லமை பெற்றவை. வேறு சிலவற்றிலோ ஹர்லிங் ஆடும் மன்றங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வல்லாரையும் மெல்லாரையும் ஒரே களத்தில் மோதவிட்டால் என்ன நேரும் என்பதைப் பதினொன்றுக்குச் சுழியம் கண்ட நான் அறிவேன். ஆகவே அச்சங்கம் படிகளை அமைத்தது. உச்சியில் லியாம் மெக்கார்த்தி கிண்ணம். அதன்கீழ் 2018 முதல் ஜோ மெக்டோனா கிண்ணம். அதற்கும் கீழே கிறிஸ்டி ரிங் கிண்ணமும், நிக்கி ராக்கார்ட் கிண்ணமும். இவ்விரண்டும் 2005-இல் தோன்றியவை. எல்லாவற்றுக்கும் அடியில், 2009-இல் தோன்றிய லோரி மார் கிண்ணம். மொத்தம் ஐந்து படிகள். கீழ்ப்படியில் வெல்வோர் மேலே ஏறலாம். மேற்படியில் தளர்வோர் கீழே இறங்க நேரும்.

என் மாணவன் கூறியது 2019-ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றி. அவ்வாண்டு ஜூன் திங்களில் கடைசிப் படியாகிய லோரி மார் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் லீட்ரிம் கவுண்டியும் இங்கிலாந்திலிருந்து வந்து ஆடும் லங்காஷயர் குழுவும் மோதின. அயர்லாந்திலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த கவுண்டி லீட்ரிம். ஆட்டம் நடந்த இடமோ டப்ளினில் உள்ள குரோக் பார்க். ஏறத்தாழ 82,000 பேர் அமரக்கூடிய, நாட்டின் மிகப் பெரிய அரங்கம். உரிய நேரத்தில் முடிவு தெரியாமல் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்று, ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் லீட்ரிம் வென்றது.

அந்த லீட்ரிம் குழுவில் ஸாக் மொராடி என்பவர் ஆடினார். குர்தியர், ஈராக்கில் ரமாடி நகரின் அருகே அகதிகள் முகாமில் 1991-இல் பிறந்தவர். 2002-இல் குடும்பத்தோடு லீட்ரிமில் வந்து குடியேறும்வரை ஹர்லிங் மட்டையைக் கண்ணால் கண்டறியாதவர். அந்த ஊர்ப் பிள்ளைகளோடு பழக அந்த ஆட்டமே அவருக்கு வழியாயிற்று. உச்சிப் படி மட்டுமே இருந்திருக்குமானால், அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் அந்த அரங்கின் வாயில் திறந்திருக்குமா?

இதைச் சொல்லிவிட்டு என் மாணவன், "கடைசிப் படிக்காரர்கள்தான் ஐயா. ஆனால் அதே அரங்கம், அதே நடுவர் முறை, அதே விதி. அதைப் பார்த்தபோது நம் பள்ளி நினைவு வந்தது" என்றான். அவன் குற்றஞ்சாட்டவில்லை. 2009-ஐப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தோட்டத்துத் திடலில் தோற்றவர்களின் உறக்கமின்மை என்னவென்று அன்றுதான் அறிந்தேன்.

முயலும் யானையும்

ஈண்டு ஒரு மறுப்பு எழும். அதனைத் தட்டிக்கழித்தல் தகாது. கடைசிப் படியில் பெறும் வெற்றி வெற்றியாகுமா? எளியோரைத் தனியே பிரித்து வைத்து, அவர்களுக்குள் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து மகிழ்விப்பது, அழும் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதைப் போன்றதன்றோ? திருவள்ளுவரே படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில், காட்டு முயலை வீழ்த்திய அம்பை ஏந்துவதைக் காட்டிலும் யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலை ஏந்துவதே இனிது என்று கூறியிருக்கிறாரே! அவர் சொற்படி, கீழ்ப்படியில் வெல்வதைவிட மேற்படியில் தோற்பதன்றோ மேன்மை?

நான் மாணவர்க்குப் பலமுறை கற்பித்த குறள் இது. எனினும், இதன் பொருளை என் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கிற்று. முயல் எது, யானை எது என்பதை விலங்கின் உருவம் மட்டும் முடிவு செய்வதில்லை. வேல் ஏந்தியவனின் கையும் சேர்ந்தே முடிவு செய்கிறது. எளிதில் வெல்லத்தக்கது எதுவோ அதுவே ஒருவனுக்கு முயல். முழு ஆற்றலையும் திரட்டினாலும் கிட்டுமோ கிட்டாதோ என்றிருப்பது எதுவோ அதுவே அவனுக்கு யானை. ஒரு புள்ளியில் வென்ற லீட்ரிமுக்கு லங்காஷயர் யானையே. மாறாக, எங்கள் பிள்ளைகளைப் பதினொரு கோலில் வென்ற பட்டணத்துப் பள்ளிக்கு நாங்கள் முயல். அப்பெரிய பள்ளி அன்று எதைக் கற்றிருக்கும்? ஒப்பற்ற இரு குழுக்களின் மோதலில் தோற்றவனுக்கு மட்டுமன்று, வென்றவனுக்கும் பயன் இல்லை.

ஆகவே, ஆற்றலுக்கேற்ப படிகளைப் பிரிப்பது அறத்துக்கு மாறானதன்று. குத்துச்சண்டையில் எடைக்கேற்பப் பிரிக்கிறோம். பள்ளியில் வயதுக்கேற்ப வகுப்பைப் பிரிக்கிறோம். முதலாம் ஆண்டுப் பிள்ளை முதல் வாக்கியத்தைத் தானே எழுதிக்காட்டும்போது, ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் கட்டுரையோடு ஒப்பிட்டு அதனை யாரும் எள்ளி நகையாடுவதில்லை.

போட்டியே இல்லாமல் எல்லார்க்கும் ஒரு பதக்கம் கொடுப்பது வேறு; ஒத்த ஆற்றல் உடையாரிடையே கடும்போட்டி வைத்து, வென்றவனுக்குக் கிண்ணம் கொடுப்பது வேறு. முன்னது பொய். பிள்ளைகள் பொய்யை எளிதில் கண்டுகொள்வர். "வெற்றி தோல்வி முக்கியமில்லை" என்று நாம் சொல்லும்போது அவர்கள் நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது நம்மீது கொண்ட மரியாதையால்தான். பின்னதோ மெய். அங்கே தோல்வி உண்டு. ஆகவே வெற்றிக்கும் பொருள் உண்டு.

யானையை எறிந்து தவறினேனா, முயலை எய்து வென்றேனா என்று 2009-ஆம் ஆண்டைப் பற்றி என்னை நானே கேட்டுக்கொண்டேன். இரண்டும் இல்லை. நான் வேலையே பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டேன். வள்ளுவர் அதனை ஓர் ஒப்புமைக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஏணிக்கு உரிய மூன்று நெறிகள்

படிகள் இருப்பது மட்டும் போதாது. மக்களை மேல், கீழ் என்று பிரித்த வரலாறு நம்மவர்க்குப் புதிதன்று. அப்பிரிவுகள் செய்த கொடுமையும் நாம் அறியாததன்று. எனவே, எந்தப் படியமைப்பு அறத்தோடு பட்டது, எது படாதது என்று ஆராய்தல் வேண்டும். என் சிற்றறிவுக்கு மூன்று நெறிகள் தோன்றுகின்றன.

முதலாவது, ஏணி மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். ஏற வழியில்லாத படி, படியன்று; சிறை. அதே 2019-இல் இரண்டாம் படியாகிய ஜோ மெக்டோனா கிண்ணத்தை லீஷ் கவுண்டி வென்றது. அப்படியின் இறுதியாட்டத்தில் ஆடுவோர்க்கு உச்சிப் படிக் குழு ஒன்றோடு மோதும் வாய்ப்பு அப்போது உண்டு. கிண்ணம் வென்ற மறுவாரமே லீஷ், வலிமை மிக்க டப்ளினை எதிர்த்து ஆடி 2 புள்ளியில் வென்று நாட்டையே வியக்கவைத்தது. அதற்கடுத்த ஆட்டத்தில் டிப்பரரியிடம் தோற்றது. அந்த டிப்பரரியே அவ்வாண்டின் வாகையர். பின்னர் உச்சிப் படியில் சில ஆண்டுகள் போராடி, 2022-இல் லீஷ் மீண்டும் கீழே இறங்கியது. ஏறியவர் இறங்குவதும் ஏணியின் நேர்மையே. இறங்கியதால் அந்த ஒரு நாள் பொய்யாகிவிடாது.

இரண்டாவது, எல்லாப் படிக்கும் ஒரே மதிப்பு மரபு வேண்டும். கடைசிப் படியின் இறுதியாட்டத்தைப் புறநகர்ப் புல்வெளி ஒன்றில் நடத்தி முடித்திருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஆயினும் குரோக் பார்க்கில் நடத்தினார்கள். அச்செயலில் ஒரு பேருண்மை அடங்கியுள்ளது: ஆற்றலில் வேறுபாடு உண்டு; மரியாதையில் வேறுபாடு இல்லை.

மூன்றாவது, தொகை குறைவு என்னும் ஒரே காரணத்தால் எவரையும் ஏணியிலிருந்து எடுத்தெறிதல் கூடாது. 2023-இல் அயர்லாந்தில் இந்நெறிக்கே சோதனை வந்தது. கேவன், ஃபெர்மனா, லீட்ரிம், லாங்ஃபோர்ட், லூத் ஆகிய ஐந்து கவுண்டிகளில் ஹர்லிங் மன்றங்கள் மிகச் சில என்பதால், அவற்றைத் தேசிய லீக் போட்டியிலிருந்து விலக்கிவிட்டு, உள்ளூர் வளர்ச்சிப் பணியில் கருத்தைச் செலுத்தலாம் என்று ஒரு முன்மொழிவு எழுந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் குரோக் பார்க்கில் கிண்ணம் ஏந்திய லீட்ரிமும் அப்பட்டியலில்! முன்மொழிந்தோர் தீயவர் அல்லர். எளிய கவுண்டிகளின் நன்மைக்காகவே சொல்வதாக அவர்கள் கருதினார்கள். நானும் 2009-இல் அவ்வாறே கருதினேன். அந்தந்தக் கவுண்டிகளின் ஆட்டக்காரரும் பிறரும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். நாங்கள் தோற்றாலும் எங்கள் கவுண்டியின் சட்டையை அணிந்து தோற்கும் உரிமையை எடுக்காதீர் என்பதே அக்குரலின் சாரம். முன்மொழிவு கைவிடப்பட்டது. தோத்தாலும் பரவாயில்லை, போகலாமா என்று என் பின்னால் வந்து கேட்ட குரலும் இதுவே அன்றோ?

நம் நாட்டு ஏணி

இது கடல்கடந்த கதை என்று ஒதுக்க வேண்டா. நம் மலேசியக் காற்பந்திலும் ஏணி உண்டு. 2004 முதல் சூப்பர் லீக் முதற்படியாகவும் பிரிமியர் லீக் இரண்டாம் படியாகவும் இயங்கின. நம் இந்தியச் சமூகத்தின் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் குழு, மூன்றாம் படியிலிருந்து முன்னேறி 2017-இல் பிரிமியர் லீக்கில் கால்வைத்தது. தோட்டத் திடல்களில் பந்து பொறுக்கிய என் போன்றோர்க்கு அச்செய்தி அளித்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அது முதற்படியன்று என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஆர். ஆறுமுகம், மு. சந்திரன் போன்ற பெரும் ஆட்டக்காரர்களைத் தனித்தனியே நாட்டுக்கு அளித்த சமூகம், தன் பெயரால் ஒரு குழுவைத் தேசிய ஏணியில் நிறுத்தியது என்பது வேறு வகைப் பெருமை. அக்குழு 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரோடு சூப்பர் லீக்குக்கே ஏறியது. 2022-ஆம் ஆண்டுப் பருவத்தோடு போட்டியிலிருந்து விலகியது.

அதே 2022-ஆம் ஆண்டோடு பிரிமியர் லீக்கும் முடிவுக்கு வந்தது. 2023-இல் சூப்பர் லீக் ஒன்றே நின்றது. இரண்டாம் படி எடுக்கப்பட்டுவிட்டது. மேலே உள்ளவர்களை விரிவாக்குவதே வளர்ச்சி என்று கருதப்பட்டது போலும். ஆனால் இரண்டாம் படி இல்லாத ஏணியில் மூன்றாம் படியில் நிற்பவன் எப்படி ஏறுவான்? பின்னர் 2024-இல் ஏ1 அரைத்தொழில்முறை லீக் என்று ஒரு படி மீண்டும் அமைக்கப்பட்டது, கீழ்ப்படியின் தேவையை எல்லாரும் உணர்ந்ததற்குச் சான்றாகும். கட்டடத்தில் மேல்மாடியை அழகுபடுத்துவோர், படிக்கட்டு அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தை வீண் என்று எண்ணக்கூடாது.

பள்ளியும் ஒரு திடலே

ஆசிரியப் பெருமக்கள் இந்நேரம் என் கருத்து எங்கே செல்கிறது என்பதை உணர்ந்திருப்பீர்கள். நம் நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 150 மாணவருக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வியமைச்சு வகைப்படுத்துகிறது. நம் பள்ளிகளுள் பல அவ்வகையினவே. கேமரன் மலையில் இன்று கொழுந்து வெட்டும் கைகளில் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் பலர். நம் இளைஞர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டனர். லயங்கள் வெறுமையாகின்றன, வகுப்பறைகளும் அவ்வாறே. ஒரே ஆசிரியர் இரு வகுப்புகளை ஓர் அறையில் வைத்துக் கற்பிக்கும் நிலையும் சில பள்ளிகளில் உண்டு.

இத்தகைய பள்ளியைப் பார்த்து, "இதற்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று கேட்போர் வெளியில் மட்டும் இல்லை, நமக்குள்ளேயே இருக்கின்றனர். கட்டுரைப் போட்டியா, பேச்சுப் போட்டியா, அறிவியல் விழாவா, "நம் பிள்ளைகளால் முடியாது" என்று படிவத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டும் கை, பெரும்பாலும் நம் கைதான். அதற்கு நாம் இரக்கம் என்று பெயர் சூட்டுகிறோம். ஒருவனுடைய தோல்வியை அவனுக்காக நாமே முன்கூட்டி முடிவு செய்துவிடுவது இரக்கமன்று, அவமதிப்பு. தோற்கும் உரிமை இல்லாதவனுக்கு வெல்லும் உரிமையும் இல்லை.

அதே வேளையில், பதினொரு கோலுக்குத் தோற்கும் களத்துக்கே ஆண்டுதோறும் பிள்ளைகளை இழுத்துச் சென்று, "விடாமுயற்சி" என்று மேடையில் முழங்குவதும் அறமாகாது. ஆள்வினையுடைமை பேசிய வள்ளுவர், தெய்வத்தால் ஆகாத போதும் முயற்சி தன் உடல் வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்றார். கூலி கிடைக்கக்கூடிய களத்தைத் தேடித் தருவது, களம் இல்லையெனில் அமைத்துத் தருவது, ஆசிரியரின் கடமை. தேயிலைச் சரிவை வெட்டிச் சமதளம் கண்ட எங்கள் முன்னோர் செய்தது அதைத்தானே!

இந்த எண்ணத்தோடு, தலைமையாசிரியரான பின், அண்டைப் பள்ளித் தலைமையாசிரியர் சிலரோடு பேசினேன். போட்டி ஏற்பாட்டாளர்களிடம் சென்று, சிறு பள்ளிகளுக்கு ஒரு தனிப் பிரிவு கேட்டோம். மூன்று வேண்டுகோள்களை வைத்தோம்: அப்பிரிவு ஆட்டங்கள் ஓரத் திடலில் அல்லாமல் அதே திடலில் நடைபெற வேண்டும், அதே நடுவர்கள் ஊத வேண்டும், வெல்லும் பள்ளி அடுத்த ஆண்டு விரும்பினால் பெரிய பிரிவில் ஆட இடம் வேண்டும். முதல் ஆண்டு நான்கு பள்ளிகள் சேர்ந்தன. ஆண் பிள்ளைகள் போதாமையால் எங்கள் குழுவில் பெண் பிள்ளைகள் இருவரும் ஆடினர்.

நாங்கள் வெல்லவில்லை. முதலாட்டத்தில் இரண்டுக்கு மூன்று என்று தோற்றோம். அடுத்ததில் சமன் கண்டோம். மூன்றாவதில் ஒரு கோல் போட்டு வென்றோம். நான்கில் மூன்றாம் இடம். திரும்பும் வழியில் வேனுக்குள் பெரும் சச்சரவு. முதலாட்டத்தின் மூன்றாவது கோல் யாருடைய பிழையால் விழுந்தது என்று ஒருவரையொருவர் சாடிக்கொண்டே வந்தார்கள். பதினொன்றுக்குச் சுழியம் தோற்ற ஆண்டில் இப்படி ஒரு சச்சரவு எழவில்லை, எழ முடியாது. ஒரே ஒரு பிழையைத் திருத்தியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்னும் நிலையில்தான் பிழையைப் பற்றிப் பேச ஒருவனுக்கு மனம் வரும். அச்சச்சரவைக் கேட்டுக்கொண்டே வந்த எனக்கு, நான் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்த கற்றல் கோட்பாடுகள் அனைத்தும் அந்த வேனுக்குள் உரக்க ஒலிப்பதாகவே தோன்றிற்று.

வெற்றி பெறுவோம் என்று நம்பாதவன் களத்தில் இறங்குவது அறிவுடைமையா என்று தொடக்கத்தில் கேட்டேன். அவனைப் பொறுத்தவரை அது அறிவுடைமையே. ஏனெனில், தன் அளவு எது என்பதைக் களத்தில் இறங்காதவன் ஒருநாளும் அறியான். ஆனால் அவ்வினாவின் மறுபாதியை நாம் மறந்துவிடலாகாது. அவன் இறங்குவதற்கு ஒரு களத்தை, ஏறுவதற்கு ஒரு படியை, ஆடும்போது ஓர் அரங்கின் மரியாதையை அளிக்கிறோமா என்பது நம்மைப் பற்றிய வினா. அதற்கு விடையளிக்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே.

வேன் பள்ளி வாயிலில் நின்றதும் ஐந்தாம் ஆண்டுப் பெண் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து கேட்டாள்: "ஐயா, அடுத்த வருஷத்துக்குப் பேரை இப்பவே எழுதிக் குடுத்துடலாமா?"

இம்முறை நான் பேனாவை எடுத்தேன்.